கதவைச் சாத்துங்க... இடுப்பைக் கொஞ்சம் ஆட்டுங்க!

தும்மல் வரும்போது அவசரமாகக் கால்களைக் குறுக்கி இறுக்கிக்கொள்கிறீர்களா? பஸ் ஏறுவதற்கு முன்னால், 'எதுக்கும் ஒரு தடவை பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்' என்று வீட்டுக்குள் ஓடுகிறீர்களா? தண்ணீர்க் குடத்தைத் தூக்கியதும் நடுமுதுகில் 'சுளீர்' என்கிறதா? கேட்டால், "ரெண்டு புள்ள பெத்தாச்சு... இனிமே இப்படித்தான்" என்று சிரித்து மழுப்பிவிடுவீர்கள். புருஷனிடம் சொல்வதில்லை. டாக்டரிடமும் சொல்வதில்லை.

'இனிமே இப்படித்தான்' என்று ஒன்றும் விதி இல்லை, சகோதரிகளே! முதுகு, இடுப்பு, அடிவயிறு மூன்றையும் மறுபடி உங்கள் சொல்பேச்சு கேட்க வைக்கலாம். அதற்கு எத்தனையோ பயிற்சிகள் உண்டு. அதில் ஒன்று, பெயரைக் கேட்டதுமே நாம் முகத்தைச் சுளிக்கும் ஒரு நடனம். 'பெல்லி டான்ஸ்!'

"ஐயே... அதெல்லாம் நமக்கெதுக்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஒரு பத்து நிமிஷம் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

போலகத்தில் ஒரு மாலை நேரம்...

காரைக்கால் வட்டாரத்தில், திருமலைராயன்பட்டினத்தை ஒட்டிய போலகத்தில் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். காரைக்காலில் பிரெஞ்சு ஆட்சி 1954-ல் முடிந்துவிட்டது. ஆனாலும் இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு பிரான்ஸில் ஒரு கிளை உண்டு. நம் கற்பனை வீட்டிலும் லீவுக்கு நாத்தனார் வந்திருக்கிறாள், பாரிஸிலிருந்து.

"அண்ணி, நான் அங்க வாராவாரம் டான்ஸ் கிளாஸ் போறேன். இடுப்பை ஆட்டுற டான்ஸ்."

"அடிப் பாவி! அத்தை காதுல விழப்போவுது!"

"அட, போங்க அண்ணி! அங்க அறுபது வயசு பாட்டியெல்லாம் வர்றாங்க. உங்க முதுகுவலிக்கு நல்லா இருக்கும். நீங்களும் கத்துக்கங்க."

அண்ணிக்கு வயது நாற்பத்திரண்டு. சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள். ஆனால் ராத்திரி எல்லோரும் தூங்கினபிறகு நாத்தனாரை மெதுவாக எழுப்பிக் கேட்டாளாம்: "ஏம்மா, அது நிஜமாவே முதுகுக்கு நல்லதா?"

இந்தக் கட்டுரை அந்த அண்ணிக்காகத்தான். அதாவது, உங்களுக்காக!

கெட்ட பெயர் வந்த கதை

அரபு மொழியில் இதற்கு 'ரக்ஸ் ஷர்கி' என்று பெயர். பொருள், 'கிழக்கத்திய நடனம்'. அவ்வளவுதான். அந்தப் பெயரில் வயிறும் இல்லை, தொப்புளும் இல்லை! இதை 'வயிற்று நடனம்' ஆக்கியவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். 'தான்ஸ் து வாந்த்ர்' என்றார்கள். 1893-ல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் நடந்த உலகக் கண்காட்சியில் கூட்டம் சேர்க்க அந்தப் பெயர் உதவியது. ஆங்கிலத்தில் 'பெல்லி டான்ஸ்' ஆகி ஊர் உலகமெல்லாம் பரவிவிட்டது. 1926-ல் பதீயா மசப்னி என்ற பெண்மணி எகிப்தின் கெய்ரோவில் ஒரு கேளிக்கை அரங்கம் திறந்தார். தஹியா கரியோகா, சாமியா கமால் போன்ற புகழ்பெற்ற ஆட்டக்காரிகள் அங்கிருந்துதான் சினிமாவுக்குப் போனார்கள்.

நாமும் இதை சினிமாவில்தானே பார்த்தோம்? 1956-ல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்', 1975-ல் 'ஷோலே' படத்தில் ஹெலன்... பளபளா உடை, கூடாரம், குடித்துக்கொண்டிருக்கும் வில்லன்! அதனால் இது வில்லன் முன்னால் ஆடும் ஆட்டம் என்று மனசில் பதிந்துவிட்டது.

ஆனால் எகிப்தில் இதற்கு இன்னொரு முகம் உண்டு. கல்யாண வீட்டில் பெண்கள் தங்களுக்குள் கூடி ஆடும் ஆட்டம் அது. 'பலதி' என்கிற நாட்டுப்புற வகையைக் கழுத்திலிருந்து கணுக்கால்வரை மூடிய அங்கி போட்டுக்கொண்டே ஆடுகிறார்கள். நம்ம ஊர்க் கும்மி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஆகவே, வயிற்றைக் காட்டித்தான் ஆடவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை!

கரகாட்டம் பார்த்திருக்கிறீர்களா?

தலையில் கரகம். அது ஆடாமல் அசையாமல் நிற்கும். கீழே காலும் இடுப்பும் மட்டும் தனியாக ஆடும். பெல்லி டான்ஸின் மூல ரகசியமும் இதேதான். உடம்பின் ஒரு பகுதி மட்டும் அசையவேண்டும், மற்றது சும்மா இருக்கவேண்டும். எகிப்திய ஆட்டக்காரிகள் தலையில் எரியும் மெழுகுவத்திகள் செருகிய விளக்குத் தண்டை வைத்துக்கொண்டு ஆடுவதும் உண்டு.

பரதநாட்டியம் கற்றவர்களுக்கு ஆரம்பத்தில் இது குழப்பும். அங்கே அரைமண்டியில் உடம்பு நேராக நிற்கும், இடுப்பை அலையவிடக் கூடாது. இங்கே இடுப்புதான் கதாநாயகி! ஆனால் தாள ஞானம் நிச்சயம் கைகொடுக்கும்.

உள்ளே என்ன நடக்கிறது?

நம் இடுப்புக் கூட்டின் அடியில், முன்னெலும்பிலிருந்து பின்னால் வால் எலும்புவரை தூளி கட்டினாற்போல் சில தசைகள் இருக்கின்றன. சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்குவது இந்தத் தூளிதான். கர்ப்பகாலமும் பிரசவமும் இதைத் தளர்த்திவிடும். பிறகு இருமினால், தும்மினால், கனம் தூக்கினால் சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் கசியும். மாதவிலக்கு நிற்கும் வயதில் இது அதிகமாகலாம்.

தூளிக்கு மேலே, வயிற்றைச் சுற்றிப் பாவாடை நாடா கட்டினாற்போல் ஓர் ஆழ்ந்த தசை. முதுகெலும்பை இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளும் சிறு தசைகள் வேறு. இவையெல்லாம் ஒன்றுசேர்ந்து வேலை செய்தால்தான் முதுகு நிமிரும். நாளெல்லாம் அடுப்படியில் ஒரே நிலையில் நிற்பதும், ஆபீஸ் நாற்காலியில் குறுகி உட்காருவதும் இவற்றைச் சோம்பேறியாக்கிவிடும்.

இடுப்பை மெதுவாக, கட்டுப்பாட்டோடு சுழற்றும்போது இந்தத் தசைகள் ஒவ்வொன்றாக விழித்துக்கொள்கின்றன. இடுப்பு மூட்டுகள் முழு அளவுக்கு அசைகின்றன. எந்தத் தசை எங்கே இருக்கிறது என்று நமக்கே தெரிய ஆரம்பிக்கிறது. கற்றுக்கொள்பவருக்கு முதல் லாபம் இதுதான்.

ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடவேண்டும். சிறுநீர்க் கசிவுக்கு இந்த நடனம் மட்டும் மருந்தல்ல. அதற்கென்றே 'கெகல்' பயிற்சி இருக்கிறது. அமெரிக்க டாக்டர் ஆர்னால்ட் கெகல் 1948-ல் வெளியிட்டது. சிறுநீரை அடக்குவதுபோல் அந்தத் தசைகளை உள்ளிழுத்து இறுக்குங்கள். ஐந்து வினாடி பிடித்து, ஐந்து வினாடி முழுசாகத் தளர்த்துங்கள். இப்படிப் பத்து தடவை, தினமும் மூன்று வேளை. சிறுநீர் கழித்துக்கொண்டே செய்து பார்க்கக் கூடாது. மூச்சைப் பிடிக்கக் கூடாது. இடுப்புக் கூட்டில் வலி உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடங்க வேண்டாம். கெகலும் நடனமும் அக்கா தங்கை மாதிரி. சேர்ந்தே செய்யுங்கள்.

முதல் மாதப் பாடம்

சுடிதார் போதும். துப்பட்டாவை இடுப்பெலும்பைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். அசைவு கண்ணுக்கு நன்றாகத் தெரியும். வெறுங்கால்தான் நல்லது. மொசைக் தரையில் சாக்ஸ் போட்டு ஆடினால் வழுக்கும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆகியிருக்கட்டும். நம்ம கடலோரப் புழுக்கத்தில் வியர்வை ஆறாக ஓடும், பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஐந்து நிமிஷம் நின்ற இடத்திலேயே நடந்து, தோளைச் சுழற்றி, உடம்பைச் சூடாக்கிக்கொண்ட பிறகே பாடம்.

1. நிற்பது: சிரிக்காதீர்கள், முதல் பாடமே இதுதான்! கண்ணாடி முன்னால் நில்லுங்கள். பாதங்களுக்கு நடுவே இடுப்பளவு இடைவெளி. கால்விரல்கள் நேராக முன்னே பார்க்கட்டும். முழங்காலை விறைப்பாக்காமல் கொஞ்சம் தளர்த்துங்கள். வால் எலும்பு தரையைப் பார்க்கவேண்டும். பின்பக்கத்தைத் தூக்கி முதுகை வளைத்தால் வலி வரும். அடிவயிற்றை லேசாக உள்ளே இழுங்கள். நெஞ்சு மேலே, தோள் கீழே.

2. பக்கவாட்டு நகர்வு: இடுப்பில் குடம் வைக்கவோ குழந்தையை உட்காரவைக்கவோ ஒரு பக்கமாக ஒடிப்போமே, அதே அசைவுதான். ஆனால் தலையும் தோளும் நகரக் கூடாது. இடது, நடு, வலது, நடு என்று எண்ணிக்கொண்டு செய்யுங்கள். குடத்தை எப்போதும் ஒரே பக்கம் தூக்கிப் பழகியவர்களுக்கு மற்றப் பக்கம் முரண்டு பிடிக்கும். அந்தப் பக்கத்துக்கு இன்னும் நாலு தடவை கூட்டிச் செய்யுங்கள்.

3. ஏற்றி இறக்குவது: இரண்டு முழங்காலும் தளர்வாக இருக்கட்டும். வலது முழங்காலை மெதுவாக நிமிர்த்துங்கள். வலது இடுப்பு தானாக மேலே ஏறும். மடக்கினால் இறங்கும். பிறகு இடது. பாதம் தரையைவிட்டு எழும்பக் கூடாது.

4. வட்டம்: ஆட்டுக்கல்லில் குழவி சுற்றுவதை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் இடுப்புதான் குழவி. முன், வலம், பின், இடம். முதலில் சின்ன வட்டம். நாலு சுற்று சுற்றினதும் எதிர்த்திசை. பின்னால் போகும்போது முதுகு 'கிறுக்' என்று வளையாமல் அடிவயிறு தாங்கிக்கொள்ளட்டும்.

5. எட்டு: இரண்டு புள்ளி வைத்து, இரண்டையும் சுற்றிச் சிக்குக் கோலம் போடுவது உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அந்தக் கோலத்தை இப்போது இடுப்பால் போடவேண்டும்! வலது இடுப்பை முன்னே கொண்டுவந்து, வெளியே வளைத்து, பின்னே தள்ளுங்கள். அங்கிருந்து இடது இடுப்பை முன்னே கொண்டுவந்து, அதேபோல் வெளியே வளைத்து, பின்னே. இழை அறுபடாமல் போகவேண்டும். முதல் வாரம் யாருக்கும் வராது. மூன்றாம் வாரம் ஒரு நாள் திடீரென்று வந்துவிடும்!

6. நடுக்கம்: இதை 'ஷிம்மி' என்பார்கள். முழங்கால்களை மாற்றி மாற்றிச் சின்னதாக, வேகமாக அசைத்தால் இடுப்பு தானாகக் குலுங்கும். தொடையை இறுக்காதீர்கள். தளர்வாக விட்டால்தான் குலுக்கம் வரும். பத்து வினாடியில் தொடங்கி மாசக் கடைசியில் ஒரு நிமிஷம்வரை போகலாம்.

தாளம் வேண்டுமா? அரபு இசையில் அடிக்கடி வருவது 'மக்சூம்' என்ற தாளம். 'தும் தெக் – தெக் தும் – தெக் –' என்று எட்டு எண்ணிக்கைக்குள் அடங்கிவிடும். ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிப் பழகியவர்கள் ஒரே நாளில் பிடித்துக்கொள்வீர்கள்.

முதல் வாரம் 1, 2. இரண்டாம் வாரம் 3. மூன்றாம் வாரம் 4, 5. நான்காம் வாரம் நடுக்கம். ஒரு நாளைக்கு இருபது நிமிஷம், வாரத்தில் ஐந்து நாள் போதும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிஷம் மிதமான உழைப்பு வேண்டும் என்கிறது. மீதியை நடைப்பயிற்சியில் சரிக்கட்டிவிடலாம். ஆடும்போது பேச முடியவேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான உழைப்புக்கு அளவுகோல்.

இவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது

• கர்ப்பிணிகள்.
• சமீபத்தில் பிரசவித்தவர்கள். சுகப்பிரசவம் என்றாலும் ஆறு வாரப் பரிசோதனை முடியட்டும். சிசேரியன் என்றால் இன்னும் பொறுக்கவேண்டி வரலாம்.
• வயிற்றிலோ இடுப்பிலோ ஆபரேஷன் செய்துகொண்டவர்கள்.
• கர்ப்பப்பை இறங்கியவர்கள், குடலிறக்கம் உள்ளவர்கள்.
• டிஸ்க் நழுவியவர்கள், எலும்புத் தேய்மானம், எலும்பு மெலிவு உள்ளவர்கள்.
• கட்டுக்குள் வராத ரத்தக்கொதிப்பு, இதயநோய் உள்ளவர்கள்.

தசை கொஞ்சம் வலிப்பது சகஜம், இரண்டு நாளில் போய்விடும். ஆனால் முதுகிலிருந்து கால்வரை மின்சாரம் பாய்வதுபோல் வலித்தால் அன்றே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். தொடை இடுக்கு மரத்துப்போனாலோ, சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போனாலோ, உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

வகுப்பு தேடும்போது...

சென்னை, பெங்களூரு போன்ற நகரங்களில் இதற்கு வகுப்புகள் உண்டு. போலகம் மாதிரி ஊர்களில் இருப்பவர்களுக்கு செல்போன் வழியாக நடக்கும் வகுப்புகள்தான் வசதி. சேருமுன் நாலு விஷயம் பாருங்கள்.

முதலாவது, உங்கள் உடம்பைப் பற்றி ஆசிரியை விசாரிக்கிறாரா? பிரசவம், ஆபரேஷன், முதுகுவலி பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்காதவரிடம் சேராதீர்கள். இரண்டாவது, உடம்பைச் சூடாக்காமல் நேராக ஆட்டத்தில் இறக்கிவிடுகிறாரா? வேண்டாம். மூன்றாவது, "இந்த டிரெஸ்தான் போடணும்" என்று வற்புறுத்துகிறாரா? அதுவும் வேண்டாம். நாலாவதுதான் முக்கியம். வகுப்பை யாராவது வீடியோ எடுக்கிறார்களா, எடுத்தால் அது எங்கே போகிறது என்று கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள். உங்கள் அனுமதி இல்லாமல் உங்கள் படத்தை யாரும் வெளியிடக் கூடாது. செல்போன் வகுப்பில் பிடிக்காவிட்டால் உங்கள் பக்கத்துக் கேமராவை அணைத்து வைக்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

நீங்கள் கேட்க நினைப்பவை

தொப்பை குறையுமா?
இடுப்பை ஆட்டினால் இடுப்பிலுள்ள கொழுப்பு மட்டும் கரையும் என்பது வெறும் நம்பிக்கை. கொழுப்பு உடம்பு முழுவதிலும் சேர்ந்துதான் குறையும். அதற்குச் சாப்பாட்டிலும் கட்டுப்பாடு வேண்டும். நம் நாட்டுப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் சர்க்கரை நோய், இதயநோய் ஆபத்து கூடுகிறது. டேப்பால் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் தினமும் அளந்து மனசை வருத்திக்கொள்ளாதீர்கள்.

மாதவிலக்கு நாட்களில் ஆடலாமா?
உடம்புக்கு முடிந்தால் தாராளமாக ஆடலாம். முடியவில்லை என்றால் ஓய்வெடுங்கள். இதில் தப்பு எதுவும் இல்லை.

வயசு ஐம்பதுக்கு மேல் ஆகிவிட்டதே?
டாக்டர் சரி என்றால் தொடங்கலாம். சுவரையோ நாற்காலி முதுகையோ ஒரு கையால் பிடித்துக்கொண்டு செய்யுங்கள். நடுக்கத்தை விட்டுவிட்டு வட்டமும் எட்டும் மட்டும் போதும்.

வீட்டில் என்ன சொல்வார்களோ?
அங்கேதானே எல்லாம் நின்றுபோகிறது! நம் பெண்களில் பலருக்கு இடுப்பு என்பது பிள்ளை சுமக்க, குடம் சுமக்க, சாவிக்கொத்து செருக மட்டும்தான். அதை அசைத்தால் 'ஆட்டக்காரி' என்ற பட்டம் வந்துவிடும் என்று சின்ன வயசிலேயே இறுக்கிக் கட்டிவிட்டோம். அந்த இறுக்கத்தின் விலையை இப்போது முதுகு கொடுக்கிறது.

முதலில் "டாக்டர் சொன்ன இடுப்புப் பயிற்சி" என்று சொல்லுங்கள். டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்கினால் அது பொய்யும் இல்லையே! பிறகு மாமியாரையே பக்கத்தில் நிற்கவைத்துப் பக்கவாட்டு நகர்வைச் சொல்லிக்கொடுங்கள். அவருக்கும் இருமும்போது கசியும். அவரும் யாரிடமும் சொன்னதில்லை.

உடம்பு அழகாக இருந்தால்தான் ஆட்டம் என்று யார் சொன்னது? வற்றி உலர்ந்த உடம்போடு, கையில் தாளம் பிடித்து, ஆடலரசனின் பாட்டுக்காரியாய் அமர்ந்திருக்கும் காரைக்கால் அம்மையாரின் செப்புத் திருமேனியைப் பாருங்கள். அழகே வேண்டாம் என்று உதறிவிட்டு, ஆட்டத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டவர் அவர். நம்ம மண்ணின் மகள்தானே!

மூன்று மாதம் கழித்து டேப்பை எடுக்காதீர்கள். தரையில் உட்கார்ந்து, கை ஊன்றாமல் எழுந்து பாருங்கள். குடத்தை மற்றப் பக்க இடுப்பில் வைத்து நடந்து பாருங்கள். காலைக் குறுக்காமல் ஒரு தும்மல் போட்டுப் பாருங்கள். முன்னைவிடத் தேவலை என்றால் தொடருங்கள். கசிவு அப்படியே இருக்கிறதா? மறைக்காமல் மகப்பேறு டாக்டரிடம் போங்கள். அதற்கு வைத்தியம் இருக்கிறது.

போலகத்து அண்ணிக்கும் சொல்வது இதுதான். மத்தியானம் பாத்திரம் கழுவி முடித்தபிறகு, பிள்ளைகள் ஸ்கூல்விட்டு வருவதற்குள், இருபது நிமிஷம் உங்களுக்கென்று கிடைக்கும். கதவைச் சாத்துங்க. துப்பட்டாவை இடுப்பில் கட்டுங்க. ஒரு சிக்குக் கோலம் போடுங்க!